கொள்ளிடத்தின் வடகரை: வீரமாமுனிவரும் ஏலாக்குறிச்சியின் அடைக்கல இலக்கியமும்

1. பொருளும் வரம்பும்

வீரமாமுனிவரைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். சதுரகராதி கண்டவர், எகர ஒகர வரிவடிவங்களைத் திருத்தியவர், பரமார்த்த குருவின் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தவர் என்ற மூன்று அடைமொழிகளும் பள்ளிப் பாடத்திலேயே வந்துவிடுகின்றன. அவை சரியானவைதான். ஆனால் ஓர் இத்தாலியப் பாதிரியார் அரியலூர்ச் சீமையின் ஒரு மூலையில், கொள்ளிடக் கரையோரச் சிற்றூரில் ஏன் தங்கினார், அங்கே ஏன் இந்த வகை நூல்களை எழுதினார் என்ற கேள்வியை அந்த அடைமொழிகள் தொடுவதில்லை.

ஏலாக்குறிச்சியில் அவர் படைத்தவற்றின் வடிவமும் உள்ளடக்கமும் அரசு ஒடுக்குமுறைக்குத் தப்பி ஆற்றைக் கடந்து வந்த மக்களோடு பிணைந்தவை என்பதே இக்கட்டுரையின் வாதம். சமயக் கொள்கையின் சரி தவறு இங்கே ஆராயப்படவில்லை. எழுத்து, ஆட்சி, எல்லை ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுத்தன என்பது மட்டுமே பொருள்.

2. ஆறும் அரசும்

2.1 இரண்டு கரைகள்

அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் பேருந்து திருமானூர் தாண்டியதும் கொள்ளிடப் பாலத்தில் ஏறுகிறது. சித்திரை வெயிலில் கீழே பார்த்தால் பெரும்பகுதி மணல். ஓரத்தில் எங்கோ ஒரு வாய்க்கால் அளவுக்கு நீர் ஓடும். ஐப்பசியில் பார்த்தால் அதே ஆறு கரை தெரியாமல் கிடக்கும். ஏலாக்குறிச்சி இந்த ஆற்றின் வடகரைப் பகுதியில், திருமானூர் ஒன்றியத்தில் இருக்கிறது. இன்றைக்கு இந்த ஆறு இரண்டு மாவட்டங்களுக்கு நடுவிலுள்ள கோடு. கடந்து போகிறவர் யாரும் அதை நினைப்பதில்லை. அரியலூர் மாவட்டமே 2001-இல் பெரம்பலூரிலிருந்து பிரிந்து, 2002-இல் திரும்ப அதனோடு சேர்ந்து, 2007-இல் மறுபடியும் பிரிந்தது. கோடுகள் இங்கே அவ்வளவு எளிதாக அழிந்து எழுதப்படுகின்றன.

பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை வேறு. தென்கரை தஞ்சை மராட்டியருடையது. வடகரையில் அரியலூர் மழவராயரின் பாளையமும் அதற்குக் கிழக்கே உடையார்பாளையமும் இருந்தன. இப்பாளையங்கள் திருச்சிராப்பள்ளியில் அமர்ந்திருந்த மதுரை நாயக்கருக்குத் திறை கட்டியவை; நாயக்கருக்கும் தஞ்சைக்கும் பழைய பகை. தென்கரையில் குற்றவாளியாகத் தேடப்பட்ட ஒருவன் இரவோடு இரவாக மணலில் நடந்து வடகரை ஏறிவிட்டால், தஞ்சைக் காவலர் அவனைத் தொடர்ந்து வருவது ஒரு படையெடுப்பாகிவிடும்.

2.2 புலவர்களின் அரசன், பாதிரிகளின் சிறை

1684 முதல் 1712 வரை தஞ்சையை ஆண்ட சகஜி மன்னர் கொடுங்கோலர் என்ற பெயர் பெற்றவர் அல்லர். திருவிசைநல்லூரைப் பண்டிதர்களுக்குச் சர்வமானியமாக விட்டவர் அவர். 1693-இல் அது சகஜிராஜபுரம் ஆயிற்று. தெலுங்கில் பல்லக்கி சேவா பிரபந்தம் போன்ற இசை நாடகங்களை அவரே இயற்றினார். கலைக்கு இவ்வளவு கொடுத்த அதே அரசவையின் கீழ்தான் 1701-இல் தஞ்சைச் சீமைக் கிறித்தவர்மீது பெரும் அடக்குமுறை நடந்தது. கோயில்கள் இடிபட்டன, மக்கள் ஊர்களை விட்டு வெளியேறினர். இயேசு சபைக் குரு ஜோசப் கார்வாலோ அவ்வாண்டே தஞ்சைச் சிறையில் உயிர்விட்டார்.

இதற்கு எட்டாண்டு முன்பு, 1693 பிப்ரவரி 4 அன்று, மறவர் சீமையின் ஓரியூரில் அருளானந்தர் என்ற இயேசு சபைக் குரு ஜான் டி பிரிட்டோ தலை வெட்டுண்டார். அந்த வழக்கின் வேர் கவனிக்கத்தக்கது. தடியத்தேவர் என்ற மறவர் தலைவர் மதம் மாறியபோது, ஒருத்தியைத் தவிர மற்ற மனைவியரை விலக்கினார். விலக்கப்பட்டவர்களில் ஒருத்தி அச்சீமையை ஆண்ட சேதுபதியின் உறவுப் பெண். பலதார மணம் அக்காலத்தில் அரசியல் உறவுகளைக் கட்டிவைத்த கயிறு. அதை அறுத்தவன் ராஜத் துரோகி. வேதபோதனை எதைப் பற்றியது என்பது சேதுபதிக்கு இரண்டாம் பட்சம்.

தஞ்சையிலும் இதையொத்த கணக்குகளே வேலை செய்திருக்க வேண்டும். ஊர்த் திருவிழாவுக்கு வரி கொடுக்காத, தேர் வடம் பிடிக்காத, சாதி மரியாதையின் வரிசையில் நிற்காத ஒரு கூட்டம் பெருகும்போது நாட்டாண்மைக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் எரிச்சல் வரும். அவர்கள் அரண்மனையைத் தூண்டுவார்கள். இதை மதச் சண்டை என்று மட்டும் படிப்பது வசதி. வரி, உழைப்பு, மரியாதை ஆகியவற்றின் சண்டையாகவும் படித்தால்தான் அடுத்த கரையில் நடந்தது விளங்கும்.

2.3 மழவராயர் ஏன் இடம் கொடுத்தார்?

ஏலாக்குறிச்சியில் சொல்லப்படும் கதை இது. அரியலூரை ஆண்ட அரங்கப்ப மழவராயருக்கு ராஜபிளவை வந்தது. எந்த மருத்துவத்துக்கும் அது கேட்கவில்லை. வீரமாமுனிவர் அடைக்கல மாதாவை வேண்டி மருந்திட்டுக் குணமாக்கினார். நன்றிக்காக மழவராயர் கோயிலுக்கு நிலம் எழுதி வைத்தார்.

கதை பொய்யென்று ஒதுக்க வேண்டியதில்லை. சித்த மருத்துவம் கற்றிருந்த துறவி ஒரு கட்டியைக் கீறி ஆற்றியதில் வியப்பென்ன? ஆனால் ஒரு பாளையக்காரர் தன் எல்லையோரத்தில் அண்டை அரசு விரட்டிய கூட்டத்தைக் குடியேற விட்டதற்கு நோய் தீர்ந்தது மட்டும் காரணமாக இருக்க முடியாது. அக்காலத்தில் நிலத்துக்குப் பஞ்சமில்லை, உழுகிற கைகளுக்குத்தான் பஞ்சம். காடு வெட்டிக் கழனியாக்க வரும் குடிகளுக்குச் சில ஆண்டு வரி விலக்குக் கொடுத்து அழைப்பது பாளையக்காரர்களிடம் வழக்கமாகவே இருந்தது. தஞ்சை இழக்கும் ஒவ்வொரு குடும்பமும் அரியலூருக்கு ஓர் ஏர். அடைக்கலம் கொடுத்ததில் மனிதநேயம் இருந்திருக்கலாம். லாபமும் இருந்தது என்பது என் கணிப்பு.

3. குருக்கள்பட்டி வழியாக

வீரமாமுனிவர் எனப்பட்ட கான்ஸ்டன்ஸோ ஜுசெப்பே பெஸ்கி 1680 நவம்பர் 8-இல் இத்தாலியின் மாந்துவா நாட்டுக் காஸ்திலியோனேயில் பிறந்தவர். 1698-இல் இயேசு சபையில் சேர்ந்து, 1710-இல் கோவா வந்து, அடுத்த ஆண்டு தமிழகம் வந்தார். காமநாயக்கன்பட்டி, கயத்தாறு என்று தெற்கே தொடங்கின அவருடைய ஆண்டுகள். 1714-15 வாக்கில் சங்கரன்கோவில் பக்கத்துக் குருக்கள்பட்டியில் அவர் பிடிபட்டார். மரண தண்டனை வரை போய்த் தப்பினார் என்பது சபை வரலாற்றில் உள்ள செய்தி.

தமிழ் வாழ்க்கையின் மூன்றாம் நான்காம் ஆண்டிலேயே கைதியாகிச் சாவின் வாசல்வரை போய்வந்த ஒருவர், பிறகு தங்குவதற்குத் தேர்ந்த இடங்களைப் பார்க்க வேண்டும். விருத்தாசலம் பக்கத்துக் கோணான்குப்பமும் கொள்ளிடக் கரை ஏலாக்குறிச்சியும் அரசு நகரங்களுக்குத் தொலைவானவை, உள்ளூர்த் தலைவர் ஒருவரின் நிழலில் இருந்தவை. ஏலாக்குறிச்சி அவருக்கு முன்பே சபையார் கால் வைத்த ஊர். 1720-களில் அவர் வந்தபின் அதற்குத் திருக்காவலூர் என்று இலக்கியப் பெயர் ஏற்பட்டது.

4. அடைக்கலத்தின் நூல்கள்

4.1 திருக்காவலூர்க் கலம்பகம்

கலம்பகம் என்பது ஊரையும் தலைவனையும் பாடும் வடிவம். அரசனுக்குப் பாடலாம், தெய்வத்துக்குப் பாடலாம்; தூது, அம்மானை, குறம், களி, வலைச்சி, மடக்கு என்று பல உறுப்புகள் கலந்து வரும். பாடப்படும் ஊர் ஒரு தலைநகராக இருக்கும், அல்லது பாடல் பெற்ற தலமாக இருக்கும். ஏலாக்குறிச்சி இரண்டும் இல்லை. ஓடி வந்தவர்களின் குடிசைகளும் ஒரு புதுக் கோயிலும் இருந்த இடம். அந்த இடத்துக்குத் திருவரங்கத்துக்கும் மதுரைக்கும் கிடைத்த அதே இலக்கிய மரியாதையைக் கொடுப்பது சிறிய செயலன்று. வேரோடு பிடுங்கப்பட்டு வந்தவனுக்கு, நீ நிற்கும் மண்ணும் பாடத்தக்க மண்தான் என்று சொல்லும் முறை அது. அடைக்கல நாயகி வெண்கலிப்பா, அன்னை அழுங்கல் அந்தாதி ஆகியவையும் இதே வட்டத்தில் வருகின்றன. பாட்டுடைத் தலைவியின் பெயரே அடைக்கலம் என்று அமைந்தபின், அவள் யாருக்குத் தலைவி என்பதைக் கூட்டத்தில் இருந்தவர்களுக்கு யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

4.2 தேம்பாவணி: நடந்துகொண்டே சொன்ன கதைகள்

தேம்பாவணி மூன்று காண்டம், 36 படலம், 3615 பாடல் கொண்ட பெருங்காப்பியம். 1726-இல் முடிந்தது. கதைத் தலைவர் வளன் எனப்படும் சூசையப்பர். ஏசுவையே தலைவராக வைத்துப் பாடியிருக்கலாமே என்ற கேள்வி ஆய்வாளரிடம் பழையது. ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிர்த மரியாளின் நூல் மூலம் என்பதும், பெஸ்கிக்குச் சூசையப்பர்மீது இருந்த பக்தியும் விடைகளாகச் சொல்லப்படுகின்றன. இன்னொரு விடையை நான் முன்வைக்கிறேன்: சூசையப்பர் ஓர் அகதிக் குடும்பத்தின் தலைவர்.

இரண்டாம் காண்டத்தை எடுத்துக்கொள்வோம். ஏரோது மன்னன் குழந்தையைக் கொல்லத் தேடுகிறான். இரவில் வானவன் எச்சரிக்கிறான். தச்சன் மனைவியையும் பச்சைக் குழந்தையையும் கூட்டிக்கொண்டு நாட்டை விட்டுப் புறப்படுகிறான். இது பைதிரம் நீங்கு படலம். விவிலியத்தில் இந்த ஓட்டம் சில வரிகளில் முடிந்துவிடும். பெஸ்கியிடம் அது படலம் படலமாக விரிகிறது. காடு, மலை, பாலை என்று நடக்கிறார்கள். நடக்கும் வழியில் கதை சொல்லப்படுகிறது. சோசுவன் வென்ற கதை, சேதையோன் சிறு படையோடு பெரும் பகையை முறித்த கதை. கால் கடுக்க நடக்கும் குடும்பம் தன் முன்னோர் எப்படிப் பிழைத்தனர் என்பதைக் கேட்டுக்கொண்டே நடக்கிறது. பிறகு குழவிகள் வதைப் படலம் வருகிறது. தப்பியவர் தப்பிவிட்டனர், பின்னால் விட்டு வந்த ஊரில் பிள்ளைகள் வெட்டுப்படுகின்றனர்.

அடைக்கலம் தேடிப் போன எவரும் அறிந்த இரட்டை வேதனை இது. கொள்ளிடத்தைக் கடந்தவர்களுக்குத் தென்கரையில் அண்ணன் தம்பி இருந்தனர், மாமன் மச்சான் இருந்தனர். காப்பியத்தின் நடுப்பகுதி முழுவதும் அயல்நாட்டு வாழ்க்கைக்கும் மீட்சிக்கும் ஒதுக்கப்பட்டதைச் சிந்தாமணியையும் கம்பனையும் பின்பற்றிய அமைப்பு உத்தி என்று மட்டும் சொன்னால் பாதி விளக்கமே ஆகும். கம்பனிடம் பெஸ்கி நிறையக் கடன்பட்டவர்தான். வனவாசத்தின் நிழல் எகிப்துப் பயணத்தின்மேல் விழுகிறது. ஆனால் இராமன் வனம் போனது தந்தையின் சொல்லுக்காக. வளன் போவது ஓர் அரசனின் கொலைவாளுக்குப் பயந்து.

எதிர்வாதம் ஒன்று உண்டு. விருத்தப்பாவில் அணியும் அலங்காரமும் மண்டிய இந்த நூலை ஓடி வந்த குடியானவன் எங்கே படித்தான்? நியாயமான கேள்வி. தேம்பாவணி புலவர் அவைக்கு எழுதப்பட்டது. குடியானவனுக்கு எழுதப்பட்டவை வேறு.

4.3 அம்மானையும் உபதேசியார் கைநூலும்

கித்தேரியம்மாள் அம்மானை பெண்கள் பாடும் மெட்டில் அமைந்தது. கித்தேரி, தன் ஆட்சியாளனான தந்தைக்கு எதிராக நின்று வேதசாட்சியாக மடிந்த கன்னி என்று ஐரோப்பிய மரபு சொல்லும். அல்லி அரசாணி மாலை படித்துப் பழகிய காதுக்கு இந்தக் கதை அந்நியமாக இருந்திருக்காது. அப்பனையும் ராஜாவையும் ஒரே ஆளாக வைத்து எதிர்க்கும் பெண்ணின் கதை, களத்துமேட்டிலும் திண்ணையிலும் பாடும் வடிவத்தில் வந்தது.

இதைவிட முக்கியமானது 1727-இல் எழுதிய வேதியர் ஒழுக்கம். பிற்கால உரைநடை ஆய்வாளர் இதன் நடையழகைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். நூல் யாருக்கு? உபதேசியார்களுக்கு. வெள்ளைத்தோல் குரு தஞ்சைச் சீமைக்குள் போனால் அடுத்த சத்திரத்தில் பிடிபடுவார். உள்ளூர் உபதேசியார் வேட்டியும் துண்டுமாக நடந்து போவார், குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பார், சாகிறவனுக்கு ஜெபம் சொல்வார், வருவார். குரு இல்லாமலே ஒரு சமூகம் நிலைக்க வேண்டுமானால் அந்த மனிதர் எப்படி இருக்க வேண்டும், எதற்கு ஆசைப்படக் கூடாது, பயம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். தலைமறைவு இயக்கங்கள் எல்லாவற்றிலும் இத்தகைய கைநூல் ஒன்று இருக்கும். தமிழின் ஆரம்பகால உரைநடையில் ஒரு பகுதி இந்தத் தேவையிலிருந்து பிறந்தது என்பதை இலக்கிய வரலாறு இன்னும் பேசியாக வேண்டும்.

தொன்னூல் விளக்கம் (1730), சதுரகராதி (1732) ஆகியவை இந்த வாதத்துக்குள் அடங்காதவை. அவற்றை வலிந்து இழுக்கப் போவதில்லை.

5. திவான் கதை

வீரமாமுனிவரின் முதல் விரிவான தமிழ் வாழ்க்கை வரலாற்றை முத்துசாமிப் பிள்ளை 1822-இல் எழுதினார். அதில் வரும் முனிவர் புலித்தோல் ஆசனத்தில் அமர்கிறார், பல்லக்கில் போகிறார், முன்னும் பின்னும் குதிரை வீரர் வருகின்றனர். திருச்சிராப்பள்ளியைப் பிடித்திருந்த சந்தா சாகிபு அவருக்கு இஸ்மத் சந்நியாசி என்று பட்டம் சூட்டித் திவானாக்கி, ஊர்களின் வருமானத்தை மானியமாக விட்டார் என்றும் அது சொல்கிறது.

இயேசு சபை வரலாற்றாசிரியர் பெஸ் 1918-இல் வெளியிட்ட நூலில் இதை ஏற்கவில்லை. சபை விதிப்படி வாழ்ந்த ஒரு குரு திவானாக இருந்திருந்தால் ரோமுக்குப் போன கடிதங்களில் புயல் கிளம்பியிருக்கும் என்பதே போதுமான காரணம். ஆனாலும் கதை ஏன் பிறந்தது என்று கேட்கலாம். சந்தா சாகிபு திருச்சியை ஆண்டது 1736 முதல் 1741 வரை. நாயக்கர் ஆட்சி சரிந்து, நவாபு உறவினர் உள்ளே வந்து, மராட்டியர் வெளியே காத்திருந்த ஆண்டுகள். பாதுகாப்பை யாரிடமாவது வாங்கியே தீர வேண்டிய காலம். ஒரு சமூகத்துக்காக அரண்மனை வாசலில் நின்று சலுகை கேட்டு வந்தவரை, இரண்டு தலைமுறை கழித்து அதே சமூகம் அரண்மனைக்குள்ளேயே உட்கார வைத்துப் பார்த்தது. பல்லக்கு நினைவுக்கு வந்தது. குருக்கள்பட்டிச் சிறை மறந்துபோனது.

6. மறுபக்கம்

ஒடுக்கப்பட்ட கவிஞர் என்று ஒருவரை அடையாளப்படுத்தியதும் அவருடைய மற்ற முகங்களை மறைக்கும் ஆசை வரும். பெஸ்கி விஷயத்தில் அது நேர்மையாகாது. வேத விளக்கம், பேதகம் மறுத்தல், லுத்தேரினத்தியல்பு ஆகிய நூல்களில் தரங்கம்பாடி லுத்தரன் குருமாரை அவர் தாக்கும் வேகம் சாந்தமானதன்று. ஊர்த் தெய்வங்களைப் பற்றித் தேம்பாவணியில் வரும் பகுதிகளும் அப்படியே. தனக்கு இடம் வேண்டிய குரல் பிறருக்கு இடம் கொடுக்கத் தயாராக இல்லை.

அடைக்கலத்துக்குள்ளேயும் வரிசை இருந்தது. பெஸ்கி உழைத்த இயேசு சபையின் மதுரை மிஷன் சாதிப் பிரிவினைகளை ஏற்று நடந்தது. தாழ்த்தப்பட்ட சாதியாருக்குத் தனி இடம், தனி ஏற்பாடு. இதை எதிர்த்து 1704-இல் புதுச்சேரியில் பாப்பரசரின் தூதர் தூர்னோன் ஆணையிட்டார். வழக்கு நாற்பதாண்டு இழுத்து 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் பாப்பரசரின் கட்டளையோடு முடிந்தது. பெஸ்கியின் தமிழ் வாழ்க்கை ஏறக்குறைய முழுவதும் இந்த வழக்கின் நிழலிலேயே கழிந்தது. காவி உடையும் சந்நியாசிக் கோலமும் தஞ்சைக்குச் சந்தேகம், ரோமுக்கும் சந்தேகம்.

நகைப்புக்குரிய ஒரு செய்தியும் உண்டு. தன் நூல்களை அச்சிட அவருக்குச் சொந்த அச்சகம் இல்லை. பேச்சுத் தமிழுக்கு லத்தீனில் அவர் எழுதிய இலக்கணம் 1738-இல் அச்சேறியது தரங்கம்பாடியில், அவர் திட்டித் தீர்த்த அதே லுத்தரன் மிஷன் அச்சகத்தில். இலக்கணம் நன்றாக இருந்தது, அவர்கள் போட்டுவிட்டார்கள்.

7. எல்லை உள்ள இடம், இல்லாத இடம்

ஒடுக்குமுறையின் கீழ் இலக்கியம் பிழைப்பதில் எழுத்தாளரின் துணிவுக்கு எவ்வளவு பங்கோ, அதே அளவு பங்கு பக்கத்தில் வேறோர் ஆட்சியின் எல்லை இருப்பதற்கும் உண்டு. தமிழுக்கு மிகப் பழக்கமான சான்று பாரதி. 1908-இல் பிரிட்டிஷ் பிடிக்குத் தப்பிப் புதுச்சேரி சேர்ந்தார். பிரெஞ்சுக் கொடியின் கீழிருந்த பத்தாண்டில் பாஞ்சாலி சபதமும் குயில் பாட்டும் கண்ணன் பாட்டும் வந்தன. 1918 நவம்பரில் அந்தக் கோட்டைத் தாண்டிக் கடலூர் வந்ததும் கைது செய்யப்பட்டார்.

எல்லையே இல்லாத இடத்தில் என்ன ஆகும் என்பதற்கு உஸ்பெகிஸ்தான் சான்று. அந்திஜானில் பிறந்த கவிஞர் சோல்பான், புகாராவின் அறிஞர் பித்ரத், நாவலாசிரியர் அப்துல்லா காதிரி ஆகிய மூவரும் புது உஸ்பெக் இலக்கியத்தின் தூண்கள். 1938 அக்டோபர் 4 அன்று தாஷ்கண்டில் மூவரும் ஒரே நாளில் சுட்டுக் கொல்லப்பட்டனர். சோவியத் ஆட்சியின் விரிவில் கொள்ளிடம் போல் இறங்கி நடக்க ஓர் ஆறு அவர்களுக்கு இல்லை; எந்தத் திசையில் போனாலும் அதே காவல் துறை. நூல்களை வைத்திருந்தவர்களும் குற்றவாளிகள் ஆனார்கள். யாழ்ப்பாணக் கவிஞர் செல்வி 1991-இல் விடுதலைப் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாமலே போனதையும் இங்கே நினைக்க வேண்டும். அங்கே ஆட்சி செய்தது அரசுகூட இல்லை.

இந்த வரிசையில் பெஸ்கியை வைப்பது பொருந்துமா? உயிரைக் கொடுத்தவர்களோடு அவரை ஒப்பிடுவது மிகை. அவருக்குப் பின்னால் லிஸ்பனும் ரோமும் இருந்தன. சோல்பானுக்குப் பின்னால் யாருமில்லை. ஆனால் எல்லைக்கோட்டின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதுவது என்ற நிலை, தமிழில் பாரதியின் புதுச்சேரிக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு முன்பே ஏலாக்குறிச்சியில் இருந்தது.

8. சுவடிகள் போன வழி

1741-இல் மராட்டியப் படை திருச்சிராப்பள்ளியைப் பிடித்தது. பெஸ்கி தெற்கே நகர்ந்தார். கேரளத்தின் அம்பழக்காட்டில் 1747 பிப்ரவரி 4 அன்று இறந்தார் என்பது இன்று பெரும்பாலோர் ஏற்கும் செய்தி. அது பிரிட்டோ ஓரியூரில் வெட்டுண்ட அதே தேதி. மணப்பாட்டில் இறந்தார் என்ற பழைய மரபும் உண்டு.

அவருடைய நூல்களுக்குப் பெரிய ஆபத்து அதற்குப் பிறகே வந்தது. அதுவும் ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1759-இல் போர்ச்சுகல் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து இயேசு சபையாரை வெளியேற்றியது. 1773-இல் பாப்பரசரே சபையைக் கலைத்தார். தஞ்சை செய்ய முடியாததை லிஸ்பனும் ரோமும் செய்து முடித்தன. மதுரை மிஷனின் குருமார் குறைந்து போயினர், கோயில்கள் பாழாயின. பேணும் கைகள் இல்லாத ஓலைச்சுவடிகள் உபதேசியார் வீடுகளிலும் பழைய குடும்பங்களின் பரணிலும் ஒதுங்கின.

சென்னைக் கோட்டைக் கல்லூரியை நடத்திய எல்லிஸ் துரை, 1816-இல் முத்துசாமிப் பிள்ளையைத் தென்சீமைக்கு அனுப்பி அந்தச் சுவடிகளைத் திரட்டச் சொன்னார். ஊர் ஊராகப் போய்க் கேட்டு வாங்கிய அந்தப் பயணத்தின் விளைவுதான் ஆறாண்டு கழித்து வந்த வாழ்க்கை வரலாறு. மிகைகள் நிறைந்திருந்தாலும் சுவடிகளைக் கையில் தொட்டவர் எழுதியது என்பதால் அதை எளிதில் தள்ளிவிட முடியாது. தேம்பாவணி அச்சு வடிவம் காண இன்னும் முப்பதாண்டு ஆயிற்று. 1851 முதல் 1853 வரை மூன்று பாகமாக அதை வெளியிட்டது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியின் மிஷன் அச்சுக்கூடம்.